எருக்கு நார் ஏன் கப்பல் ஏறவில்லை?

இந்த எபிசோட் கப்பல் பாயையும் பாய்மரக் கயிற்றையும் பத்தினது. ஆனா ஆரம்பிக்கப்போற இடம் உடுமலைப்பேட்டை. கடலே இல்லாத ஊர்ல இருந்து கப்பல் கதையான்னு நீங்க கேட்கலாம். காரணம் இருக்கு.

உடுமலையிலிருந்து பொள்ளாச்சி பக்கம் போனவங்களுக்கு மூணு விஷயம் பழக்கமா இருக்கும். ஒண்ணு, தென்னந்தோப்பும் அதை ஒட்டின நார் மில்லும். மில் வாசல்ல தேங்காய் மட்டை மலை மாதிரி குவிஞ்சு கிடக்கும். ரெண்டு, சணப்பை. அமராவதிப் பாசன வயல்கள்ல நெல் நடவுக்கு முன்னாடி இதை விதைச்சு, மஞ்சள் பூ எடுக்கும்போது மடக்கி உழுதுடுவாங்க. மண்ணுக்கு உரம், அவ்வளவுதான். மூணாவது, ரோட்டோரமா தானா முளைச்சு நிக்கிற எருக்கு. பிள்ளையார் சதுர்த்திக்கு மாலை கட்டுறதைத் தவிர அதை யாரும் தொடுறதில்லை.

தென்னை, சணப்பை, எருக்கு. ஏறக்குறைய 170 வருஷத்துக்கு முன்னாடி இந்த மூணும் ஒரே பட்டியல்ல இடம்பிடிச்சிருந்தது. கப்பல் கயிற்றுக்கு எந்த நார் சரிப்படும்னு ஒப்பிட்டுப் பார்த்த பட்டியல் அது. அதைத் தயாரிச்சவர் கோயம்புத்தூர்ல வேலை பார்த்த ஒரு ஸ்காட்லாந்துக்காரர்.

இன்னைக்கு ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ சின்னதா ஒரு பாய்மரப் படகு வெச்சிருக்கிறவருக்குப் புதுப் பாய் தேவைப்பட்டா, அவர் முன்னாடி ஒரு கேள்வி வந்து நிக்கும். உள்ளூர் பட்டறையில தெச்சா விலை அதிகம். வெளிநாட்டுல தெச்சு வாங்கினா நிறைய மிச்சமாகும். வாங்கலாமா? நடுக்கடல்ல அதை நம்பலாமா? இந்தக் கேள்விக்கு ரெண்டாயிரம் வயசு. அந்த ரெண்டாயிரம் வருஷத்தைத்தான் இப்போ வேகமா கடக்கப்போறோம்.

செங்கடல் ஓரத்தில் இந்தியப் பாய்

எகிப்தின் செங்கடல் கரையில் பெரெனிகே என்று ஒரு பழைய துறைமுகம் இருக்கிறது. ரோமானியர் காலத்தில் இந்தியாவுக்கு வரும் கப்பல்கள் புறப்பட்ட இடங்களில் அதுவும் ஒன்று. 1994-லிருந்து ஸ்டீவன் சைட்போத்தம், வில்லெக்கே வென்ட்ரிச் இருவரும் தலைமை ஏற்று அங்கே அகழாய்வு செய்தார்கள். குப்பை மேடுகளைத் தோண்டியபோது மிளகு கிடைத்தது, தேக்கு மரம் கிடைத்தது. கூடவே கிழிந்த பருத்தித் துணிகளும் கிடைத்தன. அவற்றில் சில கப்பல் பாயின் துண்டுகள். பாய் கிழியாமல் இருக்க மேலே வைத்துத் தைத்த பட்டைகளும் அவற்றோடு இருந்தன.

அந்தத் துணி எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்த விதம் ரொம்ப எளிமையானது. நூலை எந்தத் திசையில் முறுக்கியிருக்கிறார்கள் என்று பார்த்தார்கள். எகிப்தில் நூற்பவர்கள் ஒரு பக்கமாக முறுக்குவார்கள், இந்தியாவில் நூற்பவர்கள் அதற்கு எதிர்ப்பக்கமாக. இந்தப் பாயில் இருந்தது இந்திய முறுக்கு. ஆக, ரோமானியக் கப்பல் ஏதோ ஒன்று இந்தியப் பருத்தித் துணியில் பாய் கட்டி ஓடியிருக்கிறது. வெளிநாட்டுப் பாய் வாங்குற பழக்கம் அவ்வளவு பழசு.

அது கொங்குப் பஞ்சுதான்னு நாம உரிமை கொண்டாட முடியாது. குஜராத் பக்கத்துத் துறைமுகங்கள் வழியாகவும் துணி ஏராளமாகப் போனது. ஆனால் அந்தக் காலத்து வணிக வழி பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கொங்கு நாட்டைக் கடந்துதான் சென்றது. சென்னிமலைக்குப் பக்கத்தில் கொடுமணல் அகழாய்வில் நூல் நூற்கும் தக்களிகள் கிடைத்திருக்கின்றன. பெரெனிகேவுக்கு வடக்கே குசேர் அல்-கதீம் என்ற இன்னொரு செங்கடல் துறைமுகத்தில் தமிழ் பிராமி எழுத்துள்ள பானை ஓடு ஒன்று கிடைத்தது. அதை ‘பானை ஒறி’ என்று ஐராவதம் மகாதேவன் படித்தார். பானையைத் தொங்கவிடும் கயிற்று உறிதான் அது. எகிப்து வரைக்கும் போன நம்ம ஆட்கள் எழுதி வெச்சது ஒரு கயிற்றுச் சாமானோட பேரு.

கயிறுன்னதும் இன்னொண்ணு. தேங்காய் நாரை ஆங்கிலத்துல ‘காயர்’னு சொல்றாங்க இல்லையா? அது மலையாளத்துக் ‘கயர்’ல இருந்து போன சொல். அரபிக்கடலில் ஓடிய பழைய கப்பல்களின் பலகைகளை ஆணி அடித்துச் சேர்க்கவில்லை, தேங்காய்க் கயிற்றால் தைத்தார்கள். 1340-களில் மாலத்தீவில் தங்கியிருந்த இபின் பதூதா, அங்கிருந்து இந்தியாவுக்கும் சீனாவுக்கும் ஏமனுக்கும் தேங்காய்க் கயிறு ஏற்றுமதி ஆனதை எழுதியிருக்கிறார்.

ஒரு கப்பலுக்கு 26 மைல் கயிறு

இப்போ காலத்தையும் இடத்தையும் மாத்திப் பிரிட்டனுக்குப் போவோம். நெல்சனின் ‘விக்டரி’ கப்பல் நிறையப் பேருக்குத் தெரிஞ்சிருக்கும். 1805-ல் டிரஃபால்கர் போரில் அவர் இறந்தது அந்தக் கப்பலில்தான். அதில் 37 பாய்களைக் கட்டலாம். பாய்மரங்களை நிமிர்த்திப் பிடிக்கவும் பாய்களை ஏற்றி இறக்கித் திருப்பவும் சுமார் 26 மைல் நீளத்துக்குக் கயிறு. கோயம்புத்தூர்ல இருந்து பொள்ளாச்சி போற தூரம் அது. அந்தப் போரில் விரித்த பாய்களில் ஒன்று, குண்டு துளைத்த ஓட்டைகளோடு இன்னும் போர்ட்ஸ்மத்தில் பத்திரமாக இருக்கிறது.

இது ஒரு கப்பலின் கணக்கு. ராயல் நேவியிடம் நூற்றுக்கணக்கான கப்பல்கள் இருந்தன. கயிறு நனையும், காயும், தேயும், இற்றுப்போகும். சில வருடத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். அத்தனை நார் எங்கிருந்து வந்தது?

பெரும்பகுதி ரஷ்யாவிலிருந்து. ஹெம்ப் என்ற செடியின் நார். கஞ்சாச் செடியேதான், ஆனால் இது நாருக்காக வளர்க்கும் ரகம். ‘கான்வாஸ்’ங்கிற சொல்லே ‘கன்னபிஸ்’ல இருந்து வந்ததுதான். ரீகா, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் துறைமுகங்களிலிருந்து பால்டிக் கடல் வழியாக அந்த நார் பிரிட்டனுக்கு வந்தது. விலை குறைவு. குறைவுக்கு ஒரு காரணம், அந்த வயல்களில் உழைத்தவர்கள் பண்ணையடிமைகள். ரஷ்யாவில் அந்த முறை சட்டப்படி ஒழிந்தது 1861-ல்தான்.

பாய்த்துணியில் மட்டும் பிரிட்டன் உஷாராக இருந்தது. 1736-ல் ஒரு சட்டம் போட்டார்கள். பிரிட்டனிலோ அதன் காலனிகளிலோ கட்டப்படும் புதுக் கப்பல் முதல் தடவை கடலுக்குப் போகும்போது, அதன் பாய்கள் முழுக்கப் பிரிட்டிஷ் துணியாக இருக்க வேண்டும். வெளிநாட்டுத் துணி மலிவு என்பதால்தான் இப்படி ஒரு சட்டமே தேவைப்பட்டது. ஆக, துணியை உள்ளூரில் நெய்தார்கள், கயிற்று நாருக்கு ரஷ்யாவை நம்பினார்கள்.

அந்த நம்பிக்கை 1807-ல் ஆட்டம் கண்டது. நெப்போலியனும் ரஷ்ய ஜார் அலெக்சாந்தரும் டில்சிட்டில் ஒப்பந்தம் போட்டார்கள். பிரிட்டனோடு வியாபாரம் கூடாது என்ற நெப்போலியனின் திட்டத்தில் ரஷ்யாவும் சேர்ந்துகொண்டது. எதிரியின் நண்பனிடமிருந்து கயிறு வாங்கித்தான் எதிரியோடு சண்டை போட வேண்டும் என்ற நிலைமை. வேறு இடம் தேடு என்று லண்டனில் எல்லோரும் பேச ஆரம்பித்தார்கள்.

கம்பெனிக்காரர்கள் தேடிய செடி

உண்மையில் கிழக்கிந்தியக் கம்பெனி அதற்கு முன்பே தேட ஆரம்பித்திருந்தது. கல்கத்தா தாவரவியல் தோட்டத்தின் பொறுப்பில் இருந்த வில்லியம் ராக்ஸ்பர்க், 1800-ஐ ஒட்டிய வருடங்களில் இந்திய நார்ச்செடிகளை வளர்த்து, கயிறாகத் திரித்து, எடை தொங்கவிட்டு எது எப்போது அறுகிறது என்று சோதித்தார். 1808-ல் ராபர்ட் விசெட் ஹெம்ப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். ரஷ்ய ஹெம்ப்புக்குப் பதிலாக அவர்கள் அதிகம் நம்பியது நம்ம சணப்பையை. ஆங்கிலத்தில் அதற்கு வைத்த பெயரே ‘சன் ஹெம்ப்’. ‘சன்’னா சூரியன் இல்லை, வட இந்தியாவில் அந்தச் செடியோட பேர்.

நெப்போலியன் தோற்றான். ரஷ்ய நார் மறுபடி தடையில்லாமல் வந்தது. இந்திய நாரை எல்லோரும் மறந்தார்கள். அரை நூற்றாண்டு கழித்து, 1854-ல் கிரிமியப் போர். இந்த முறை ரஷ்யாவே எதிரி. அதே பழைய பயம் திரும்ப வந்தது. கான்பூரில் பிறந்து, சஹாரன்பூர் தோட்டத்தை நடத்தி, பிறகு லண்டனில் பேராசிரியரான ஜான் ஃபோர்ப்ஸ் ராயில், 1855-ல் இந்தியாவின் நார்ச்செடிகள் பற்றிப் பெரிய புத்தகம் ஒன்றை வெளியிட்டார். அவர் சொல்ல வந்தது, ரஷ்யாவிடம் போய் ஏன் நிற்க வேண்டும், நம் ஆட்சியில் இருக்கும் இடத்திலேயே எல்லாம் கிடைக்கிறதே என்பது.

நம்ம கோயம்புத்தூர் ஸ்காட்லாந்துக்காரர் இந்த இடத்துலதான் வர்றார்.

வைட்டின் பட்டியல்

ராபர்ட் வைட் 1819-ல் கம்பெனியின் மருத்துவராக இந்தியாவுக்கு வந்தவர். ஆர்வம் எல்லாம் செடி மேல. ரங்கய்யா, கோவிந்து என்ற இரண்டு இந்திய ஓவியர்களோடு சேர்ந்து தென்னிந்தியத் தாவரங்களை ஆயிரக்கணக்கில் படமாக வரைந்து வெளியிட்டவர். 1842-ல் கோயம்புத்தூருக்கு வந்தார். வந்த வேலை கயிறு இல்லை, பருத்தி. லங்காஷயர் மில்கள் அமெரிக்கப் பருத்தியையே நம்பியிருந்தன. அமெரிக்க ரகத்தை இங்கே விளைவித்து மலிவாக அனுப்ப முடியுமா என்று பார்க்கக் கம்பெனி சோதனைப் பண்ணைகள் வைத்தது. அமெரிக்காவிலிருந்தே பருத்தி விவசாயிகளைக் கூட்டி வந்தார்கள். இந்தப் பகுதிப் பண்ணைகளுக்கு வைட் பொறுப்பு.

பருத்தியோடு நிற்காமல் உள்ளூர் நார்களின் பலத்தையும் அவர் சோதித்தார். ஒவ்வொரு நார்க் கயிறும் எத்தனை பவுண்டு எடையில் அறுந்தது என்ற அவருடைய அட்டவணை அந்தக் காலத்து நூல்களில் திரும்பத் திரும்ப வரும். கிலோவுக்கு மாற்றித் தோராயமாகச் சொல்றேன், கேளுங்க.

கடைசி இடம் தேங்காய் நார், 224 பவுண்டு. அதாவது 102 கிலோ.
அதற்கு மேலே புளிச்சை நார், 290 பவுண்டு, 132 கிலோ.
மருள் நார் 316 பவுண்டு, 143 கிலோ.
பருத்திக் கயிறு 346 பவுண்டு, 157 கிலோ.
கத்தாழை நார் 362 பவுண்டு, 164 கிலோ.
சணப்பை 407 பவுண்டு, 185 கிலோ.
முதல் இடம் எருக்கு நார், 552 பவுண்டு. 250 கிலோ.

ஆமா, எருக்குதான். தேங்காய் நாரைவிட ரெண்டரை மடங்கு. பருத்தியைவிட ஒண்ணரை மடங்கு. நிலம் வேண்டாம், தண்ணி வேண்டாம், விதைக்க வேண்டாம். கொங்கு மண்ணில் ரோட்டோரம் தானாக வளர்கிற செடி.

காகிதத்தில் பார்த்தால் ராயல் நேவியின் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் எருக்குக் கயிறு கட்டிய போர்க்கப்பல் என்று வரலாற்றில் ஒன்றுமே இல்லை. பட்டியலில் கடைசியாக வந்த தேங்காய் நார்தான் கடலில் நிலைத்தது. ஏன்?

அறுகிற எடை மட்டும் போதாது

முதல் காரணம் வேலை. சணப்பைத் தண்டைத் தண்ணீரில் ஊறப்போட்டால் சதை அழுகி நார் தனியே கழன்று வரும். எருக்குக்கு அது சரிப்படாது. நேரான கிளைகளாக வெட்டி, வெயிலில் வாட்டி, தட்டி, பட்டையை உரித்து, உள்ளே ஒட்டியிருக்கும் நாரைக் கையால் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டும். வேலை செய்பவர் கண்ணில் பால் பட்டால் ஆபத்து. ஒரு தூண்டில் கயிற்றுக்கு இப்படி எடுக்கலாம், எடுத்திருக்கிறார்கள். 26 மைலுக்கு எடுக்க முடியாது. செடி இலவசம், நார் இலவசமில்லை.

இரண்டாவது காரணம் தூரம். கோயம்புத்தூருக்கு ரயில் வந்தது 1860-களில்தான். அதுவரை எதுவானாலும் மாட்டுவண்டியில் கணவாய் வழியாக மலையாளக் கரைக்குப் போக வேண்டும். அங்கிருந்து ஆப்பிரிக்காவைச் சுற்றி மாதக்கணக்கில் கடல் பயணம். சூயஸ் கால்வாய் திறந்தது 1869-ல். நார் எடை குறைவு, ஆனால் இடத்தை அடைக்கும். கப்பல் வாடகையே விலையைத் தின்றுவிடும். ரீகாவிலிருந்து லண்டன் பக்கம்.

மூன்றாவது காரணம், அறுகிற எடை என்பது ஒரே ஒரு அளவு. கடலில் கயிற்றுக்கு வேறு தேர்வுகளும் உண்டு. தேங்காய்க் கயிறு உப்புத் தண்ணீரில் சீக்கிரம் மக்காது. மிதக்கும். அலை இழுக்கும்போது ரப்பர் மாதிரி நீண்டு கொடுக்கும். நங்கூரத்துக்கும் கப்பலைக் கட்டி இழுக்கவும் இதைவிட என்ன வேணும்? வைட்டின் தராசு இதையெல்லாம் அளக்கவில்லை.

நாலாவது காரணம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. முத்திரை.

ரஷ்யத் துறைமுகங்களில் ஹெம்ப்பைக் கப்பலில் ஏற்றும் முன்பு, அரசு நியமித்த தரம் பிரிப்பவர்கள் ஒவ்வொரு கட்டையும் பார்ப்பார்கள். சுத்தமானது, அடுத்த தரம், அரைச் சுத்தம், கழிவு நார் என்று பிரிப்பார்கள். ஒவ்வொரு தரத்துக்கும் ஒரு பெயர், ஒரு விலை. லண்டனில் இருக்கும் வியாபாரி கட்டைப் பிரித்துப் பார்க்காமலே, பெயரைச் சொல்லி விலை பேசலாம். அவர் வாங்கியது நாரை மட்டும் இல்லை. யாரோ ஒருத்தர் முன்னாடியே சரிபார்த்திருக்கிறார் என்ற உறுதியையும் சேர்த்து வாங்கினார்.

இந்தியாவிலிருந்து போன நாருக்கு அது இல்லை. ஒரு கட்டில் நன்றாக இருக்கும், அடுத்த கட்டில் தண்டுக் குச்சியும் தூசியும் கலந்திருக்கும். ஒன்று சரியாக ஊறியிருக்கும், இன்னொன்று அதிகம் ஊறிக் கருத்திருக்கும். செடியில் குறை இல்லை. பிரிக்கவும் முத்திரை குத்தவும் ஒரு அமைப்பு இல்லை. அதைக் கட்டும் வேலையில் கம்பெனி பெரிய அக்கறை காட்டவும் இல்லை. போர் வந்தால் தேடுவார்கள், முடிந்தால் விடுவார்கள். ஒரு தரத்தை உருவாக்க அது போதாது.

நம்பிக்கைங்கிறது கயிற்றுத் தொழிலில் உயிர் விஷயம். ராயல் நேவி தன் கயிற்றுக்குள் நிறம் மாறிய அல்லது எதிர்த்திசையில் முறுக்கிய ஒரு இழையைச் சேர்த்து வைக்கும். எங்கே வெட்டினாலும் அது தெரியும். திருடி விற்றால் மாட்டிக்கொள்வார்கள் என்பதற்கான ஏற்பாடு. கூடவே இது யாருடைய கயிறு என்ற கேள்விக்குக் கயிறே பதில் சொல்லும்.

கடைசியில் யார் ஜெயித்தது?

கிரிமியப் போர்ச் சமயத்தில் இந்திய நார்ப் பந்தயத்தில் ஜெயித்தது வங்காளத்துச் சணல். அது கப்பல் கயிறாக ஆகவில்லை. நனைந்தால் சீக்கிரம் கெடும். ஆனால் மலிவு, இயந்திரத்தில் நூற்க முடியும். ஸ்காட்லாந்தின் டண்டீ நகர மில்கள் அதைப் பிடித்துக்கொண்டு உலகத்துக்கே கோணிப்பை தைத்தன. கயிற்றில் பிலிப்பைன்ஸின் மணிலா நார் மேலே வந்தது. பிறகு பாய்மரத்தை நிமிர்த்திப் பிடிக்கும் வேலைக்கு இரும்புக் கம்பிக் கயிறு வந்தது.

பாய்த்துணியிலும் மாற்றம். 1851 ஆகஸ்டில் ‘அமெரிக்கா’ என்ற படகு இங்கிலாந்துக்கு வந்து, வைட் தீவைச் சுற்றி நடந்த பந்தயத்தில் பிரிட்டிஷ் படகுகளைத் தோற்கடித்தது. இன்றைய அமெரிக்கா கோப்பையின் தொடக்கம் அதுதான். பிரிட்டிஷ் படகுகளில் இருந்தது ஆளி நார்த் துணி. தொளதொளவென்று உப்பும், காற்று பிடிக்கத் தண்ணீர் தெளிக்க வேண்டும். ‘அமெரிக்கா’வில் இருந்தது இயந்திரத்தில் இறுக்கமாக நெய்த பருத்திப் பாய். அப்புறம் பிரிட்டிஷ் படகுக்காரர்களும் மெதுவாகப் பருத்திக்கு மாறினார்கள். சட்டத்தால் நூறு வருடம் காத்த உள்ளூர்த் துணியை ஒரு பந்தயம் கீழே இறக்கியது. அமெரிக்க மில்லுக்குப் போன அந்தப் பருத்தியை விளைவித்தது தெற்கு மாநில அடிமைகள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கோயம்புத்தூர் சோதனைப் பண்ணைகள்? அவற்றை மூடிவிட்டார்கள், வைட் 1853-ல் ஊருக்குத் திரும்பிவிட்டார். கோயம்புத்தூரின் முதல் பெரிய நூற்பாலை வர 1888 ஆனது. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகுதான் மில்கள் ஊரெல்லாம் எழுந்தன.

இன்றைய பாய்

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பருத்திப் பாயின் காலமும் முடிந்தது. 1941-ல் இங்கிலாந்தில் விண்ஃபீல்டும் டிக்சனும் பாலியஸ்டர் இழையை உருவாக்கினார்கள். டெரிலின், டேக்ரான்னு பேர் வெச்சு விற்றது அதைத்தான். நம்ம தாத்தாக்களோட டெரிலின் சட்டையும் 1950-களுக்குப் பிந்தைய படகுப் பாயும் ஒரே இழை.

துணி மாறினதும் தைக்கிற இடமும் மாறியது. ஹாங்காங்கில் பாய் தைக்கும் பட்டறைகள் வளர்ந்தன. நீல் பிரைட் என்ற நியூசிலாந்துக்காரர் 1970-ல் அங்கே ஆரம்பித்த கம்பெனி உலகப் பெயர் எடுத்தது. 1956 ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவுக்காகப் படகோட்டி வெள்ளி வாங்கிய ரோலி டாஸ்கர், பின்னாளில் தாய்லாந்தின் ஃபூக்கெட்டில் பெரிய பட்டறை வைத்தார். உலகின் மிகப் பெரிய பாய் கம்பெனிகளில் ஒன்றான நார்த் செயில்ஸ், இலங்கையில் ஆலை வைத்துத் தைக்கிறது. ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ ஆர்டர் கொடுக்கிறார்கள். கம்ப்யூட்டரில் வரைந்த வடிவம் இலங்கைக்குப் போகிறது. அங்கே உள்ள கைகள் அதை முடித்து அனுப்புகின்றன.

திருப்பூர் தெரிஞ்சவங்களுக்கு இதுல ஆச்சரியமே இருக்காது. பனியன் நம்மது, லேபிள் அவங்களது.

கயிறும் அப்படித்தான். இப்போது பாய்மரத்தைப் பிடித்திருப்பது துருப்பிடிக்காத எஃகுக் கம்பி. அதில் 304 என்று ஒரு தரம், 316 என்று ஒரு தரம். புதுசா இருக்கும்போது ரெண்டும் பளபளன்னு ஒரே மாதிரி இருக்கும். உப்புக்காற்றைக் கூடுதலாகத் தாங்குவது 316. மேலும் கம்பியின் நுனியை ஒரு உலோகக் குழலுக்குள் செருகி அழுத்தி இறுக்குவார்கள். துரு பெரும்பாலும் அந்தக் குழலுக்குள்தான் ஆரம்பிக்கும், வெளியே தெரியாது. ஒருநாள் பலத்த காற்றில் அது விட்டால் பாய்மரமே சாயும். கீழே ஆள் இருப்பார்கள். ஆகவே மலிவு விலைக் கம்பி வாங்குகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி ‘எவ்வளவு?’ என்பது இல்லை. எந்தத் தரம், யார் சோதித்தது, சான்று எங்கே என்பதுதான். ரீகா துறைமுகத்து வியாபாரி கேட்ட அதே கேள்வி.

இதனால் வெளிநாட்டுப் பொருள் எல்லாம் மட்டம் என்றோ உள்ளூர்ப் பொருள் எல்லாம் உசத்தி என்றோ அர்த்தமில்லை. இலங்கையில் தைத்த பாய் உலகப் பந்தயங்களுக்குப் போகிறது. அதே அளவு கவனத்தோடு தைக்கும் ஒருவர் பெயரில்லாத பட்டறையில் இருந்தால், அவருக்குக் கிடைப்பது கூலி மட்டும்தான். நடுவில் இருக்கும் வித்தியாசம் முத்திரையில் இருக்கிறது.

மறுபடி உடுமலை

இந்தப் பாடம் நம்ம ஊர் நார் மில்லுக்குள்ளேயே ஓடிக்கிட்டிருக்கு. பொள்ளாச்சி, உடுமலை வட்டாரத்துத் தேங்காய் நாருக்குச் சீனா பெரிய வாடிக்கையாளர். நாரை அப்படியே பேலாகக் கட்டி அனுப்புகிறோம், அங்கே மெத்தையாகிறது. அங்கே விலை இறங்கினால் இங்கே மில் படுக்கிறது. அது சணப்பை, எருக்கு காலத்துக் கதை மாதிரியே இருக்கு. நாம செடி, அவங்க பொருள்.

ஆனால் நார் எடுத்த பிறகு மிஞ்சும் தூள் வேறு கதை சொல்கிறது. ஒருகாலத்தில் அது குப்பை. இன்று ஐரோப்பாவின் பசுமைக்குடில்களில் தக்காளியும் ஸ்ட்ராபெர்ரியும் அந்தத் தேங்காய்த் தூளில் வளர்கின்றன. அதன் விலையை முடிவு செய்வது உப்பின் அளவு. இ.சி. என்று சொல்வார்கள். அலசி அலசி அதை 0.5-க்குக் கீழே கொண்டுவந்து, லேப் ரிப்போர்ட்டோடு அனுப்பினால் ஒரு விலை. அலசாமல் அனுப்பினால் வேறு விலை. தூள் அதே தூள்தான். தரம் பிரித்து எழுதிக்கொடுக்கும் தாள்தான் கூடுதல்.

அதற்கும் ஒருத்தர் விலை கொடுக்கிறார். அலசுவதற்குத் தண்ணீர் வேண்டும். அலசிய பழுப்புத் தண்ணீர் எங்கேயோ போக வேண்டும். கிணறு நிறம் மாறியது என்று இந்த வட்டாரத்து விவசாயிகள் புகார் சொல்லி வருகிறார்கள். ஹெம்ப்பின் மலிவை ரஷ்யப் பண்ணையடிமை தாங்கினான். பருத்தியின் மலிவை அமெரிக்க அடிமை தாங்கினான். தூளின் மலிவைப் பக்கத்துத் தோட்டத்துக் கிணறு தாங்கக் கூடாது. வாங்குபவர் சான்று கேட்கும்போது உப்பு அளவோடு, அந்தத் தண்ணீர் எங்கே போனது என்றும் கேட்டால், அந்தக் கேள்விக்கும் ஒரு விலை உருவாகும். இன்று அந்தப் பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கேள்வி வர ஆரம்பித்திருக்கிறது.

வைட்டோட பட்டியல்ல எருக்கு முதல் இடத்துல இருந்தும் கப்பல் ஏறலை. பலம் இருந்தது. அதைச் சுத்தமா எடுக்க, சமமா பிரிக்க, கூலி கொடுத்துக் கட்ட, ‘இது நான் பார்த்தது’ன்னு கையெழுத்துப் போட ஒரு ஏற்பாடு இல்லை. அந்த ஏற்பாட்டை யார் செய்யறாங்களோ அவங்க கைக்குத்தான் லாபம் போகும். 19-ம் நூற்றாண்டில் அது ரீகாகாரர்கள். இன்று பாயில் அது பெரிய பிராண்டுகள். நாரிலும் தூளிலும் அது யாராக இருக்கப்போகிறது என்பது நம்ம ஊர்லயே முடிவாகலாம்.

அடுத்த தடவை உடுமலை ரோட்டோரம் எருக்கைப் பார்த்தா, 250 கிலோவை நினைச்சுக்குங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.